நகர்த்தலாமா, கூடாதா? அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்

அடுத்த தேதியைக் குறிக்கும் மருத்துவர்களுக்கும், அதைச் சீட்டில் எழுதித் தரும் முன்பதிவு மேசைக்காரர்களுக்கும், அந்த மேசைகளுக்கு விதி வகுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் உங்களிடம் ஃபைல் இருக்கிறது. அப்பாவுக்கு நீரிழிவு, அதனால் தளர்ந்துபோன சிறுநீரகம், போதாததற்கு இதயத்தில் செயற்கை வால்வு. அம்மாவுக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம். கணவருக்கு வலிப்பு. ஒன்பது வயது மகளுக்கு ஆஸ்துமா. எனக்குத் தைராய்டு. இதில் எதுவும் ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடுகிற சமாச்சாரம் இல்லை. எல்லாமே காலத்துக்கும் கூடவே வருபவை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்களில் பலர் எங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். அப்பா இன்றைக்கு நடமாடுகிறார் என்றால் உங்களில் சிலருடைய கைகள்தான் காரணம். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அடுத்த தேதியைக் குறிக்கும்போது, அந்தத் தேதி எதற்காக, அதை எத்தனை நாள் தள்ளலாம், இல்லை தள்ளவே கூடாதா என்பதைப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதித் தாருங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மடலா என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் இந்த ஒரு வரி இல்லாமல் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. ஆளுக்கு ஒரு நிறம். அப்பா நீலம், அம்மா பச்சை, கணவர் கறுப்பு, மகள் ஆரஞ்சு, எனக்குச் சிவப்பு. உங்கள் சீட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அந்தத் தேதியை அதில் ஏற்றுவதுதான். சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமைக் கட்டத்தில் மூன்று நிறங்கள் சேர்ந்துகொண்டன. காலை எட்டு மணிக்கு அப்பாவுக்கு ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை, பத்தரைக்கு அம்மாவுக்கு மூட்டு மருத்துவர், பதினொன்றுக்கு மகளுக்கு நுரையீரல் மருத்துவர். மூன்றும் மூன்று இடத்தில். கணவருக்கு அதற்கு முந்தைய மாதம்தான் வலிப்பு வந்திருந்தது, அதனால் அவர் வண்டி ஓட்டக் கூடாது. அப்பாவால் தனியாகப் போக முடியாது, அம்மாவாலும் முடியாது. ஆக, ஒரு ஆள், ஒரு வண்டி, மூன்று தேதி.

ஏதோ ஒன்றைத் தள்ளிப் போட்டாக வேண்டும். மூன்று சீட்டையும் மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் பெயர், தேதி, நேரம், அறை எண். அவ்வளவுதான். நுரையீரல் மருத்துவரின் நேரம் கிடைக்க இரண்டரை மாதம் காத்திருந்தோம், அதை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ. அம்மாவுக்கு விரல்கள் வீங்கியிருந்தன. அப்பாவுடையது வெறும் ரத்தப் பரிசோதனைதானே, அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். முன்பதிவு மேசைக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசி, பத்து நாள் தள்ளி வேறு தேதி கொடுத்தார். ஏன் தள்ளுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு முன்னால் திரையில் இருந்ததும் அதே நான்கு விவரங்களாகத்தான் இருந்திருக்கும்.

செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வார்ஃபரின் கொடுப்பீர்கள். அந்த மருந்து சரியான அளவில் வேலை செய்கிறதா என்று காட்டுவதுதான் ஐஎன்ஆர் எண். அப்பாவுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் உடம்பில் எங்காவது கசியும். அந்த வியாழனுக்கு நான்கு நாள் முன்பு, நெஞ்சுச் சளிக்காக வேறொரு மருத்துவர் அப்பாவுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தார். சில ஆன்டிபயாட்டிக்குகள் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டிவிடும். இது தெரிந்துதான் வால்வு கிளினிக்கில் யோசித்து அந்த வியாழக்கிழமையைக் குறித்திருந்தார்கள். காரணம் அவர்கள் மனதில் இருந்தது. சீட்டில் இல்லை.

தேதியைத் தள்ளிப் போட்ட ஆறாவது நாள் இரவு அப்பாவின் மூக்கில் ரத்தம் வந்தது. தலையை முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம். விட்டதும் மறுபடி வந்தது. இன்னொரு பத்து நிமிடம். துண்டு நனைந்து, இரண்டாவது துண்டும் நனைந்தது. மகள் தூக்கக் கலக்கத்தோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் தாத்தாவின் மோவாய்க்குக் கீழே ஒரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை நடுங்கவில்லை, என் கைதான் நடுங்கியது. கணவரை எழுப்பலாமா வேண்டாமா என்று இன்னொரு பக்கம் யோசனை. தூக்கம் கெட்டால் அவருக்கு வலிப்பு வரும், எங்கள் வீட்டில் ராத்திரி நேர ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு அவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவசரப் பிரிவில் பார்த்தபோது ஐஎன்ஆர் ஆறைத் தாண்டியிருந்தது. மருந்தை நிறுத்தி வைத்து, வால்வுக்கும் ஆபத்து வராமல் மெதுவாக இறக்கினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். நன்றாக இருக்கிறார்.

வந்த பிறகு மகளின் மருத்துவரிடம் கேட்டேன். அன்றைக்கு நாங்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: அது வழக்கமாகப் பார்ப்பதுதான், குழந்தைக்கு மூச்சிரைப்பு ஏதும் இல்லாவிட்டால் நான்கைந்து வாரம் தள்ளியிருக்கலாம். அதுவே மூச்சுத் திணறல் வந்து அவசரப் பிரிவுக்குப் போய் வந்த பிறகு கொடுக்கும் தேதி என்றால் ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார். அந்தப் பதிலைக் கேட்டு நான் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். தள்ளியிருக்கக்கூடிய தேதியைக் கட்டிக்காத்து, தள்ளவே கூடாத தேதியைத் தள்ளியிருக்கிறேன்.

இது யாருடைய தப்பு என்று நான் தேடவில்லை. வால்வு கிளினிக் சரியான தேதிதான் கொடுத்தது. மேசையில் இருந்தவர் கேட்டதைச் செய்தார். நானும் இருந்த விவரத்தை வைத்து முடிவெடுத்தேன். காரணம் மட்டும் நடுவில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேதிக்கும் காரணம் கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. நீங்கள் எழுதும் ஒவ்வோர் இடைவெளிக்குப் பின்னாலும் உடம்பின் ஒரு கணக்கு இருக்கிறது. சர்க்கரைக்கான எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கச் சொல்வது ஏன்? ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரியும், அதனால். எனக்குத் தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச் சொல்கிறீர்கள். அந்த மருந்தின் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஒரு வாரம் ஆகும், புது அளவு நிலைக்கு வர ஆறு வாரமாவது வேண்டும், முன்கூட்டியே பார்த்தால் பாதியில் நிற்கும் எண்தான் கிடைக்கும். அம்மா முடக்குவாதத்துக்காகச் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடியது, ஆகவே ஆரம்பித்த புதிதிலும் அளவைக் கூட்டும்போதும் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும், பழகிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

இதெல்லாம் உங்களுக்குப் பாலபாடம். ஆனால் எங்கள் கைக்கு வருவது வெறும் தேதி. எச்பிஏ1சி ஒரு வாரம் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது. ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பிறகான ஐஎன்ஆர் ஒரு வாரம் தள்ளிப் போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். இரண்டு சீட்டும் ஒரே மாதிரிதான் அச்சாகி வருகின்றன. ஒரே ஒரு நோயாளி இருக்கும் வீட்டில் இது பெரிய சிக்கலாக இருக்காது, சொன்ன தேதியில் போய்விடுவார்கள். எங்களைப் போன்ற வீடுகளில் தேதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒவ்வொரு மாதமும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று முடிவெடுப்பது நாங்கள்தான், மருத்துவம் படிக்காத நாங்கள். அந்த முடிவுக்கு வேண்டிய ஒரே விவரம் எங்களிடம் இல்லை.

நான் கேட்கும் வரி எப்படி இருக்க வேண்டும் என்றால், 'வார்ஃபரின் அளவு பார்க்க, ஆன்டிபயாட்டிக் நடக்கிறது, தள்ளக் கூடாது.' அல்லது 'வழக்கமான ஆஸ்துமா பரிசோதனை, நான்கு வாரம் வரை தள்ளலாம், மூச்சிரைத்தால் உடனே வரவும்.' இவ்வளவுதான். இதை எழுத எத்தனை நொடி ஆகும்? கணினியில் ஒரு கட்டம் வைத்துவிட்டால் எழுதக்கூட வேண்டாம், தேர்ந்தெடுத்தால் போதும். மேசையில் ஃபோன் எடுப்பவருக்கும் அந்தக் கட்டம் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்திருந்தால் அன்றைக்கு அவர் என்னிடம் "அம்மா, இதைத் தள்ளாதீர்கள், வேறு எதையாவது பாருங்கள்" என்று சொல்லியிருப்பார். அவர் குரலை வைத்துச் சொல்கிறேன், கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்.

வாயால் சொல்லியிருப்பார்களே, நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று சிலர் நினைக்கலாம். இருக்கலாம். மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை அறையை விட்டு வெளியே வந்ததுமே மறந்துபோகிறது என்று 2003-இல் ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரை தொகுத்துச் சொல்லியிருக்கிறது. ஒரு ஃபைலைச் சுமப்பவருக்கே அந்தக் கதி என்றால், ஐந்து ஃபைலைச் சுமப்பவள் தலையில் என்ன தங்கும்? எழுத்தில் இருந்தால் தலையில் தங்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது வெறும் வயிறு. இதையும் காரணத்தோடு எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரு நாள் அப்பாவுக்கு எச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், ஐஎன்ஆர் மூன்றும் எழுதி, கீழே வெறும் வயிற்றில் என்று முத்திரை குத்தியிருந்தார்கள். ராத்திரி இன்சுலின் போட்டுக்கொண்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார். எங்களுக்கு முன்னால் நாற்பது பேருக்கு மேல். ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அப்பா சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். பார்த்தால் காலர் வியர்வையில் நனைந்திருக்கிறது. "என்னப்பா பண்ணுது?" என்று கேட்டால் என் பெயருக்குப் பதிலாக அத்தையின் பெயரைச் சொன்னார். கைப்பையிலிருந்த கருவியில் சர்க்கரையைப் பார்த்தேன், 58, மிகவும் குறைவு. பதினைந்து கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். ஏறியிருந்தது. டோக்கன் வந்தபோது உள்ளே இருந்தவர், குளுக்கோஸ் குடித்துவிட்டீர்களே, நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த மூன்று பரிசோதனையில் எதற்குமே வெறும் வயிறு தேவையில்லை. கொழுப்புப் பரிசோதனைக்குக்கூட பெரும்பாலானவர்களுக்கு அது கட்டாயமில்லை என்று 2016-இலேயே ஐரோப்பிய இதய நலம், ஆய்வக மருத்துவம் சார்ந்த அமைப்புகள் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்களைப் போல சிலருக்குத்தான் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியிருக்கும். எல்லாச் சீட்டிலும் ஒரே முத்திரையைக் குத்துவது மேசைக்கு வசதி. இன்சுலின் போட்டுக்கொள்பவரைப் பட்டினியோடு வரிசையில் உட்கார வைப்பது ஆபத்து. வெறும் வயிறு உண்மையிலேயே வேண்டும் என்றால், அவரை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். இதை நான் எழுதுவது அப்பாவுக்காக மட்டும் இல்லை, அன்று எங்களுக்கு எதிர் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாவுக்காகவும்தான். அவருக்குக் கருவியும் குளுக்கோஸும் வைத்துக்கொண்டு பக்கத்தில் யாரும் இல்லை.

நிர்வாகிகளிடம் ஒரு வார்த்தை. எல்லோரையும் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு டோக்கன் கொடுப்பதற்குப் பெயர் முன்பதிவு கிடையாது. 1952-இல் நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவு வரிசைகளைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், அதன் பிறகு ஒருவரைப் பார்க்கச் சராசரியாக எவ்வளவு நேரமாகிறதோ அந்த இடைவெளியில் ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள் என்பது அவருடைய யோசனை. மருத்துவரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், நோயாளியும் அநாவசியமாகக் காத்திருக்க மாட்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்களைப் பொறுத்தவரை இது வசதிப் பிரச்சினை மட்டும் இல்லை. மெத்தோட்ரெக்சேட் நோய் எதிர்ப்பைக் குறைக்கிறது. அம்மா மூன்று மணி நேரம் இருமல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால், அந்த வாரம் முழுக்க நான் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முடிந்தால் ஒரு வீட்டுக்கு ஒரே நாளில் தேதி கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முடியாது என்று தெரியும். ஆனால் நான்கு வாரம் தள்ளலாம் என்று ஒரு தேதியில் எழுதியிருந்தால், அந்த நான்கு வாரத்துக்குள் வீட்டிலுள்ள இன்னொருவரின் தேதியோடு அதைச் சேர்த்துவிடலாம். சேர்க்கும் வேலையை நாங்களே செய்துகொள்வோம், இடம் மட்டும் கொடுங்கள். அப்புறம், ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, அதே மருந்தைத் தொடருங்கள் என்று சொல்வதற்காக அம்மாவை வரவழைக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க வருவதற்காக அவர் விடியற்காலை எழுந்து, விறைத்துப்போன விரல்களை வெந்நீரில் வைத்து இளக்கி, சட்டையின் பித்தான்களைப் போட்டுக்கொள்ளவே அரை மணி நேரம் ஆகிறது. 2020-இல் தொற்று பரவியபோது ஃபோனிலேயே எத்தனையோ பேரைப் பார்த்தீர்கள், நன்றாகத்தான் பார்த்தீர்கள். தொட்டுப் பார்க்க வேண்டியதற்கு வருகிறோம். சொல்லிவிட்டாலே போதும் என்பதை ஃபோனில் சொல்லுங்கள்.

நோயின் பாரம் ஒன்று, வைத்தியத்தின் பாரம் இன்னொன்று. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. கார்ல் மே, விக்டர் மொன்டோரி, ஃபிரான்சஸ் மேர் என்ற மூவரும் 2009-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைத்தான் எழுதினார்கள். நோயாளியின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு குறைவாகக் குலைக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் குலைக்கும் வைத்தியம் வேண்டும் என்றார்கள். பலர் மருந்தையும் தேதியையும் தவற விடுவது அலட்சியத்தால் இல்லை, செய்ய வேண்டியவை தாங்கும் அளவைத் தாண்டிவிடுவதால்தான் என்பதை உங்கள் துறையைச் சேர்ந்தவர்களே சொன்னார்கள். தேதிக்கு வராதவர்கள் என்று உங்கள் பட்டியலில் என் பெயர் சில முறை ஏறியிருக்கும். அப்படி ஏறிய ஒவ்வொரு நாளும் நான் வேறொரு மருத்துவமனை வராந்தாவில் இருந்திருக்கிறேன்.

என் பெயரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். காலண்டரில் சிவப்பு என்னுடையது என்றேன். மோதல் வந்தால் முதலில் அடிபடுவது சிவப்புதான். ஆறு வாரத்தில் பார்க்க வேண்டிய தைராய்டு பரிசோதனையை ஏழு மாதம் கழித்து எடுத்தேன். களைப்பு, முடி உதிர்வு, மறதி எல்லாம் அலைச்சலால் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து போதாமல் இருந்திருக்கிறது. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். ஆனால் சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது தெரியாமல் இரண்டையும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு மாதத்தில் இருபது முறையாவது உங்கள் அறைகளுக்கு வந்திருப்பேன், துணைக்கு வந்தவளாக. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அம்மாவின் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், உங்களுக்குக் கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நேரமானது. அவர் காத்திருந்தார். அன்றைக்கே என் ரத்தத்தையும் எடுக்க ஏற்பாடு செய்தார். துணைக்கு வருபவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று உங்கள் எல்லோரையும் வேண்டிக்கொள்கிறேன். அவர் படுத்துவிட்டால் மற்ற நான்கு ஃபைல்களும் நின்றுவிடும்.

கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றியும் ஒன்று. பேச்சை முடிக்கும்போது உங்களில் பலர் "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே இல்லை என்ற பதில் உட்கார்ந்திருக்கிறது. நாங்களும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம், படி இறங்கும்போது நினைவுக்கு வருகிறது. "வேற என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் இதே போன்ற ஒரு சொல் மாற்றத்தை 2007-இல் ஜான் ஹெரிடேஜ் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொல்லை மாற்றியதில், சொல்ல நினைத்துச் சொல்லாமல் போகும் குறைகள் வெகுவாகக் குறைந்தன. பேச்சு நேரமும் நீளவில்லை.

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு நோயாளிக்குப் பொது மருத்துவர் ஒதுக்கும் சராசரி நேரம் 48 நொடியிலிருந்து 22.5 நிமிடம் வரை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்கிறது. உலக மக்கள் தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழும் 18 நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன், சாப்பிடாமல் மாலை வரை உட்கார்ந்திருந்த மருத்துவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரு வரிக்கு மேல் கேட்கவில்லை.

எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். ஐந்து பேருக்கும் தனித்தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறோம்: என்ன நோய், என்ன மருந்து, எவ்வளவு, எதற்காக, கடைசிப் பரிசோதனையின் எண்கள். புது மருத்துவரைப் பார்க்கப் போனால் அந்தத் தாளை முதலில் நீட்டுகிறேன். வீட்டில் எல்லா மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்ததை நிறுத்திவிட்டோம். அம்மாவின் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது, தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அது இப்போது தனி அலமாரியில், கிழமை எழுதிய உறையில் இருக்கிறது. மருந்துச் சீட்டிலேயே கிழமையையும் நீங்கள் எழுதித் தந்தால் இன்னும் நிம்மதி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீட்டிலுள்ள மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறோம். போன முறை அவர்தான் முழங்கால் வலிக்காக அப்பாவுக்கு எழுதப்பட்டிருந்த வலி மாத்திரையை எடுத்துத் தனியே வைத்து, வார்ஃபரினோடு இது கூடாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது, டாக்டரிடம் கேளுங்கள் என்றார். எழுதியவர் முழங்காலைப் பார்த்தார், நான் அன்றைக்குத் தாளை நீட்ட மறந்துவிட்டேன். இப்போது மகளுக்கும் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சீட்டில் வரி வரும்வரை நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஒவ்வொரு அறையிலும் எழுந்திருக்கும் முன் "இந்தத் தேதி எதற்கு, எத்தனை நாள் தள்ளலாம்?" என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும், எங்களுக்குத் தெரியாதா, சொன்ன தேதிக்கு வந்தால் போதும் என்றார். அவருக்கும் இந்த மடல் போய்ச் சேர வேண்டும். நான் அவர் கணிப்பைச் சந்தேகிக்கவில்லை. அவர் குறித்த நாளில் என் வீட்டில் இன்னொருவருக்கும் தேதி இருந்தது.

அடுத்த மாதக் காலண்டரில் இதுவரை ஒன்பது தேதிகள் ஏறியிருக்கின்றன. பதினாறாம் தேதியில் நீலமும் பச்சையும் ஒன்றாக நிற்கின்றன. நீலத்தின் பக்கத்தில் 'தள்ளக் கூடாது' என்று எழுதியிருக்கிறேன், கேட்டுத் தெரிந்துகொண்டது. பச்சையின் பக்கத்தில் இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. நாளைக் காலை மேசை திறந்ததும் ஃபோன் செய்வேன்.

இப்படிக்கு,
ஐந்து ஃபைல்களோடு வந்து போகும் ஒருத்தி